எரேமியா 29:11-ஐத் தனியாகச் சொல்ல விடாத படிப்பு: சமயவியல் பட்டம், வாலிபர் ஊழியத்தில் சில வருடங்கள் கழித்து

பள்ளியை முடிக்கப்போகிற ஒரு தம்பி போன வாரம் கேட்டான்: “அண்ணா, வாலிபர் ஊழியத்துக்குத்தான் வரணும்னு இருக்கேன். காலேஜ்ல சமயவியல் எடுக்கலாமா, இல்ல நேரா வேதாகமக் கல்லூரிக்கே போயிடட்டுமா? நீங்க படிச்சது இப்ப உதவுதா?” இதை அவனுக்கு முன்பும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு என் மனநிலை எப்படியோ அப்படி ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. பாடத்திட்டம் கல்லூரிக் கையேட்டிலேயே இருக்கும்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, உலகச் சமயங்கள், கொஞ்சம் தத்துவம். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

எனக்கு இன்றுவரை தீராத எரிச்சல் ஒன்று உண்டு. இந்தப் படிப்பு, வாலிபர் கூட்டங்களில் அதிகம் ஓடுகிற வசனங்களாகப் பார்த்துப் பிரித்துப் போட்டுவிட்டு, மறுபடி எப்படிக் கையில் எடுப்பது என்று சொல்லாமலேயே பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

“உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு” என்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாலிபர் முகாம் பேனரில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 1 தீமோத்தேயு 4:12. புதிய ஏற்பாட்டு வகுப்பில் பவுலின் பெயரில் இருக்கும் 13 நிருபங்களில், அதாவது கடிதங்களில், 7 மட்டுமே சர்ச்சை இல்லாமல் அவருடையவை என்று ஏற்கப்படுவதைச் சொல்லித் தருவார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டும் அந்த ஏழில் இல்லை. அடுத்தது பிலிப்பியர் 4:13, “எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு”. பரீட்சைக்கு முன்னாலும் போட்டிக்கு முன்னாலும் சொல்லிக்கொள்கிற வசனம். அதற்கு முந்தைய வசனம் பட்டினியாயிருப்பதைப் பற்றிப் பேசுகிறது, எழுதியவரோ கைதியாகக் கட்டுகளோடு இருக்கிறார். ஜெயிப்பதற்கான பெலனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இல்லாமையைத் தாங்குவதற்கான பெலன் அது.

இதெல்லாம் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அதே வசனத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைத்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இதில் எதை, எவ்வளவு, எப்போது சொல்வது? அந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வரவில்லை. கேட்டால், அது இந்தத் துறையின் வேலை இல்லை என்பார்கள். ஒரு வகையில் அது சரியான பதிலும்கூட. சமயவியல் என்பது நம்பிக்கையை வளர்க்கும் துறை இல்லை. சமயத்தை வெளியிலிருந்து கவனித்து விவரிக்கும் துறை. விசுவாசத்துக்குள் நின்று பேசுவது இறையியலின் வேலை. சேருவதற்கு முன் இந்த வித்தியாசத்தை யாராவது உட்காரவைத்துச் சொன்னால் பாதி ஏமாற்றம் குறையும்.

வளரும் பருவத்து விசுவாசத்தைப் பற்றி அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் ஃபவுலர் 1981-ல் முன்வைத்த படிநிலைகள் சமய உளவியல் தாளில் வரும். மூன்றாம் நிலை பெரும்பாலும் பதின்பருவத்துக்குரியது. சுற்றியிருப்பவர்கள் நம்புவதையே தன் நம்பிக்கையாக வைத்திருக்கும் கட்டம் அது. அதை எடுத்துப் பார்த்து, கேள்வி கேட்டு, தனதாக்கிக்கொள்வது நான்காம் நிலை. அது வருவது பெரும்பாலும் இளமைப் பருவத்தில், அதாவது கல்லூரி வயதிலும் அதற்குப் பிறகும். அந்தப் படிநிலைகளை அப்படியே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், அது இருக்கட்டும். இந்தப் படிப்பு முழுக்க நான்காம் நிலைக்கான சரக்கு. வெள்ளிக்கிழமை மாலை என் முன்னால் உட்காருகிறவர்கள் மூன்றாம் நிலையில் இருக்கிறார்கள். எனக்குச் சரியான நேரத்தில் கிடைத்ததை அவர்களுக்கு அதே அளவில் கொடுத்தால் அது பாரம். கொடுக்காமல் மறைத்தால், நாளைக்கு அவர்களே கல்லூரிக்குப் போய் முதல் வகுப்பில் கேட்டுவிட்டு வந்து, “ஏன் எங்ககிட்ட சொல்லல?” என்பார்கள். அப்படி ஒருத்தி கேட்டும் விட்டாள்.

சரி, கோபத்தைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு எரேமியாவுக்கு வருகிறேன்.

“அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” எரேமியா 29:11. வாழ்த்து அட்டையிலும் புகைப்படச் சட்டத்திலும் இதைவிட அதிகம் புழங்கும் வசனத்தை நான் பார்த்ததில்லை. பழைய ஏற்பாட்டு வகுப்பில் இந்த அதிகாரத்தை அதன் இடத்தில் வைத்துப் படித்தோம். கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. 10-ம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைப் பதினைந்து வயதில் கேட்டவன் வீடு திரும்புவதென்றால் எண்பத்தைந்து வயதில்தான். ஐந்தாம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. ஏழாம் வசனம், சிறைபிடித்துக்கொண்டு போன அதே பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது.

இதற்கு முந்தைய அதிகாரத்துக்குப் போனால் அனனியா வருகிறார். எல்லாம் இரண்டே வருஷத்தில் சரியாகிவிடும் என்று ஆலயத்தில், ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிற தீர்க்கதரிசி. பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைக்கூட எடுத்து உடைத்துப் போடுகிறார். கூட்டத்துக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சீக்கிரமே விடுதலை என்று சொல்லித் தேற்றுகிறவர்களுக்கு எதிராக எழுதப்பட்ட கடிதத்திலிருந்து ஒரு வரியை உருவி, அதை வைத்தே சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று வாலிபர் கூட்டங்களில் தேற்றிக்கொண்டிருக்கிறோம். அனனியாவின் செய்தி, எரேமியாவின் கையெழுத்தோடு.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இங்கேதான் கிடைத்தது. நுழைவுத் தேர்வில் தோற்று, வீட்டில் யாரிடமும் பேசாமலிருந்த ஒரு பையனிடம் 11-ம் வசனத்தை மட்டும் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். ஏற்கெனவே நிறைய பேர் அவனிடம் அதைச் சொல்லி முடித்திருந்தார்கள். முழுக் கடிதத்தையும் வாசித்தோம். எழுபது என்ற எண் வந்ததும் சிரித்தான். “அப்ப கடவுளே இது லேட்டாகும்னுதான் சொல்றாரா?” என்று கேட்டான். அதற்கப்புறம்தான் பேச ஆரம்பித்தான். மன உறுதி வகுப்போ, மேடைப்பேச்சுப் பயிற்சியோ அந்தச் சிரிப்பை எனக்குத் தந்திருக்காது. தேதி, இடம், யார் யாருக்கு எழுதினார்கள் என்று குடைந்துகொண்டே இருக்கும் அந்த வறண்ட படிப்புதான் தந்தது.

சங்கீதங்களிலும் இதேதான். அவற்றில் பெரும் பங்கு புலம்பல்கள் என்பதை வகுப்பில் வகைப்படுத்திப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. 88-ம் சங்கீதம் ஆறுதலே சொல்லாமல் இருளில் முடிகிறது. கூட்டத்தில் நாம் பாடுவதில் அந்தப் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் விஷயம் புரியும்.

உலகச் சமயங்கள் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு சமயத்தவரோடும், எதையும் நம்பாதவர்களோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து நம்முடைய வேதத்தையே படிப்பது முதலில் சங்கடமாக இருக்கும். ஆனால் இன்றைய பிள்ளைகளின் நட்பு வட்டம் அந்த மேசைதான். அடுத்தவர் நம்பிக்கையைக் கேலி செய்யாமல், பயப்படாமல் விவரிக்கத் தெரிவது ஊழியத்தில் தினமும் உதவுகிறது.

உதவாததையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர்களைச் சமாளிப்பது, தன்னார்வலர்களைப் பிடித்து வைத்திருப்பது, பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகள், ஒரு பிள்ளை வீட்டில் அடி வாங்குவதாகச் சொன்னால் யாரிடம் தெரிவிப்பது, நள்ளிரவில் வரும் அழைப்பு... எதுவும் இல்லை. வாலிபர் ஊழியருக்கு வேலையில் முதல் மாதமே தேவைப்படுகிறவை இவை. வேதாகமக் கல்லூரிகளில் கள ஊழியப் பயிற்சி என்று ஒன்று இருக்கும். சமயவியல் துறையில் அதை நாமே தேடிப் போக வேண்டும். பிற்பாடு குருத்துவ அபிஷேகம் வேண்டுமென்றால் பல சபைகளில் இந்தப் பட்டம் மட்டும் போதாது, மேலே இறையியல் படிக்கச் சொல்வார்கள். ஆக, செலவும் வருடங்களும் கூடும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு தம்பியிடம் சேரச் சொல்வேன் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு சபையில் மூத்த ஊழியர் ஒருவருக்குக் கீழே ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு, கையில் கேள்விகளோடு வந்து சேரட்டும். வெறுங்கையோடு போனால் பதில்களை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வருவான், கேள்வி கேட்கிற பிள்ளை முன்னால் எதை அவிழ்ப்பது என்று தெரியாமல் முழிப்பான். அடுத்த மாதம் கேட்டால் நான் வேறு மாதிரிச் சொல்லவும் கூடும். நேற்று ஒரு பெற்றோர் வந்து, “பிள்ளைங்களுக்கு நல்லதா நாலு வசனம் சொல்லாம எழுபது வருஷம்னு பயமுறுத்துறீங்களாமே” என்று கேட்டுவிட்டுப் போன சூடு இன்னும் இருக்கிறது.

அதையும் மீறிச் சேர்ந்தே தீருவேன் என்று நின்றால், தம்பி, கையேட்டை வாங்கியதும் இரண்டு விஷயங்களைப் பார். சமூகப்பணித் துறையிலோ உளவியல் துறையிலோ விருப்பப்பாடம் எடுக்க அனுமதி உண்டா? எரேமியாவை நடத்துகிறவர் எந்த செமஸ்டரில் வருகிறார்?