“என்ன லோடு?”: ஏழு வருஷமாக இதே கேள்வி

நேற்றுதான் பட்டறையிலிருந்து என் பிக்கப்பை, அதாவது பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டியை, எடுத்து வந்தேன். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) புஷ் எல்லாம் மாற்றியாயிற்று, கடகட சத்தம் போய்விட்டது, மனசு குளிர்ந்திருந்தது. இன்று காலை ஆறரைக்கு ஒரு எஸ்எம்எஸ். மூன்று நாளைக்கு முன்னால் சேலம் போய் வந்தேன் அல்லவா, வழியில் ஒரு சுங்கச்சாவடியில் என் கணக்கிலிருந்து கூடுதலாகப் பணம் பிடித்திருக்கிறார்கள். நான் ஓட்டியது கார் இல்லையாம், சரக்கு வண்டியாம். அந்தச் சூட்டோடு காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மச்சினன் கூப்பிட்டான்.

“மாமா, ஜிஎஸ்டி குறைச்சதுல இருந்து மனசு கேக்க மாட்டேங்குதுங்க. உங்களாட்டம் பிக்கப் எடுக்கட்டுங்களா, இல்ல தார் ராக்ஸ் எடுக்கட்டுங்களா?”

தார் ராக்ஸ் என்பது மஹிந்திராவின் ஐந்து கதவு எஸ்யூவி. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, 22 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி என்று 50 இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. ஷோரூம் பக்கமே போகாதவன்கூட ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறான். போனில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்தேன். முழுசாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

என்னுடையது 2018 இசுசு வி-கிராஸ், 2.5 லிட்டர் டீசல், நான்கு சக்கர இழுவை, கையால் மாற்றும் கியர். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதே அதற்கு நான் தரும் நற்சான்றிதழ். ஆயில் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், ஓடியது, ஓடுகிறது. மலையில்லாத சாலையில் லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கும். வால்பாறை போனால் அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருப்பது நல்லது. இதற்கு மேல் வேண்டியது எல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த வண்டியைப் பார்க்கிற ஒவ்வொருவனும் கேட்கிற அந்த ஒரு கேள்வி.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாட்ச்மேன் மாறுவார். ஒவ்வொரு புது வாட்ச்மேனும் முதல் நாள் கேட்டில் என்னை நிறுத்துவார். “லோடு வண்டியெல்லாம் வெளிய போடணுங்க சார்.” நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்பேன். மேலும் கீழும் பார்ப்பார். ஒருவர், “ஓனர் எந்த ஃபிளாட்டுங்க?” என்று என்னிடமே கேட்டார். அப்போது நான் தோட்டத்திலிருந்து வந்த கோலத்தில் இருந்தேன், அதனால் அவரை மன்னித்துவிட்டேன். உள்ளே விட்ட பிறகு அடுத்த பஞ்சாயத்து. கோடு போட்ட இடத்தின் நீளம் 5 மீட்டர், வண்டி 5.3 மீட்டர். முன்மூக்கு எப்போதும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் வரிசைக்காரர் பேசுவதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறது.

மலைப்பாதையில் ஒரு சோதனைச்சாவடி. முன்னால் போன எஸ்யூவிக்காரருக்குக் கை அசைத்து வழி விட்டார்கள். எனக்கு ஓரங்கட்டச் சொல்லிச் சைகை.

“என்ன லோடு?”

“ஒண்ணும் இல்லீங்க, குடும்பத்தோட போறோம்.”

“பில் இருக்கா?”

பின்னால் இருந்தவை இரண்டு சூட்கேஸ், ஒரு முறுக்கு டின், மாமியாரின் மடக்கு நாற்காலி. முறுக்குக்கு எங்கே போய் பில் வாங்குவது?

சுங்கச்சாவடிக் கதைதான் இருப்பதிலேயே பெரியது. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008ல் வந்தபோது கார், ஜீப், வேனுக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா என்றும் இலகுரக சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 பைசா என்றும் அடிப்படை வைத்தார்கள். வருஷா வருஷம் தொகை ஏறினாலும் அந்த ஒன்றரை மடங்குக்கு மேலான வித்தியாசம் அப்படியே நிற்கிறது. என் வண்டி வெள்ளை நம்பர் பிளேட், சொந்த உபயோகத்துக்குப் பதிவானது, ஃபாஸ்டேக்கும் காருக்கு உரிய நான்காம் வகைதான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆவதற்கு முன் பணம் கட்டும் வரிசையில் ஓர் ஆள் இருப்பார், ஆர்சியைக் காட்டிச் சண்டை போடலாம், பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், கடைசியில் கார் கட்டணமே வாங்கிக்கொண்டு அனுப்புவார். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போட? பத்து தடவை ஒழுங்காக எடுக்கும். பதினோராவது தடவை யாரோ, எதுவோ, பின்னால் திறந்த தொட்டியைப் பார்த்துவிட்டு “ஆகா, லாரித் தம்பி” என்று முடிவு கட்டிவிடும். நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குவேன். சில தடவை பணம் திரும்பி வந்திருக்கிறது, சில தடவை என் பொறுமை தீர்ந்துவிட்டது. தொகை சின்னதுதான். ஆனால் ஏழு வருஷம் கழித்தும் என் வண்டி என்ன வண்டி என்று நானே நிரூபிக்க வேண்டியிருக்கிறதே, அந்த எரிச்சல்தான்.

சரி, இப்போது நியாயமாகப் பேசுவோம். இத்தனை புலம்பிவிட்டு ஏன் இன்னும் விற்கவில்லை?

ஆனைமலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. சனிக்கிழமை போனால் உரமூட்டை, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், வாழைக்கன்று, ஒரு தடவை மாமாவின் பழைய புல்லட். வரும்போது உரித்த தேங்காய், மட்டை, நாற்றமடிக்கும் எருச்சாக்கு. எல்லாம் பின்னால். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுவிட்டால் எருவும் நாங்களும் வேறு வேறு உலகம். வீட்டுக்கு வந்ததும் ஓஸ் பைப்பை எடுத்துத் தொட்டிக்குள் தண்ணீர் பீய்ச்சினால் ஐந்து நிமிஷத்தில் சுத்தம். ராக்ஸ் எடுக்கப் போகிறவனுக்கு ஒரு தகவல்: அதன் உள்பக்கம் வெளிர் நிறத்திலும் வருகிறது. அந்தச் சீட்டின் மேல் ஒரு எருமூட்டையை வைத்துப் பார், உன் அக்காவே உன்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

இந்தத் தொட்டி இவ்வளவு சந்தோஷம் கொடுக்கும் என்று வாங்கும்போது நான் நினைக்கவே இல்லை. எங்கள் குடியிருப்பில் யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், யார் மகள் ஹாஸ்டலைக் காலி செய்தாலும், முதல் போன் எனக்குத்தான். கேட்டில் நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்ட சங்கச் செயலாளரின் பீரோவையும் நான்தான் ஏற்றி இறக்கினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். மாசாணியம்மன் கோயில் குண்டத்துக்குப் போகிற நாளில் சொந்தபந்தம் எல்லாம் “நாங்க பின்னால உக்காந்துக்கறோம் கண்ணு” என்று கிளம்பிவிடுவார்கள். முடியாது என்றால் முடியாது. அது சட்டப்படியும் தப்பு, ஒரு பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்பது வேறு. பெரியம்மா ஒரு வருஷம் கோபித்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

இனி, வண்டியின் குணம். இதைக் குறை என்று சொல்லக்கூடாது, பிக்கப் என்றாலே இப்படித்தான். பின்னால் பாரம் தாங்குவதற்காக லீஃப் ஸ்பிரிங் வைக்கிறார்கள். பாரம் இல்லாதபோது அந்த விறைப்பு குறையாது. காலியாக வேகத்தடை ஏறினால் பின்சீட்டில் இருப்பவர்கள் தலை கூரையை எட்டிப் பார்க்கும். இருநூறு கிலோ ஏற்றினால் அதே வண்டி யானை மாதிரி அசைந்து அசைந்து சுகமாகப் போகும். அதனால் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது நான் மூன்று மணல் மூட்டை ஏற்றிக்கொள்கிறேன். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிவிட்டு அது குதிக்காமல் இருக்க மணல் சுமக்கிறோமே என்று மனைவி கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. டொயோட்டாவில் ஹைலக்ஸ் பிக்கப்பும் ஃபார்ச்சூனர் எஸ்யூவியும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை, ஆனால் பின்பக்கம் ஹைலக்ஸுக்கு லீஃப், ஃபார்ச்சூனருக்குக் காயில் என்கிற சுருள் ஸ்பிரிங். ஒரு பையனை மில்லுக்கும் இன்னொருவனைக் காலேஜுக்கும் அனுப்பிய மாதிரி.

இந்தத் தடவை புஷ் தேய்ந்ததற்குக் காரணம் நான்தான். மழைக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று தேங்காயை அளவுக்கு மேல் ஏற்றினேன். மிஸ்திரி தேய்ந்துபோன புஷ்ஷைக் கையில் கொடுத்து, “ஒரே நடையில முடிக்கணும்னு நெனச்சீங்களாக்கும்?” என்று கேட்டார். நெனச்சேன்தான்.

சேற்றில் எது மேல் என்று கேட்பவர்களுக்கு: பக்கத்துத் தோப்புப் பையனிடம் மூன்று கதவுத் தார் இருக்கிறது. நீளம் நாலு மீட்டருக்குள், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர். என்னுடையது 3.1 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐப்பசி மழையில் இரண்டு பேரும் ஒரே வாய்க்காலைக் கடந்தோம். அவன் ஆடு தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய்விட்டான். எனக்கு வரப்பில் வயிறு தட்டியது, ஏறும்போது பின்பம்பர் மண்ணை உழுதது, காலித் தொட்டியில் கனம் இல்லாததால் பின்சக்கரம் சும்மா சுற்றியது. கடைசியில் லோ ரேஞ்சில் (மெதுவாக, பலமாக இழுக்கிற கியரில்) போட்டு, அந்தப் பையனையே தொட்டியில் ஏறி நிற்கச் சொல்லி வெளியே வந்தேன். (வண்டி நடக்கிற வேகத்தில்தான் போனது, பெரியம்மா படித்தால் கேட்பார்.) காட்டுக்குள் விளையாடத்தான் வண்டி வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், எஸ்யூவிதான். அந்தப் பையன் திரும்பி வரும்போது அவன் தோப்புத் தேங்காயை என் வண்டியில்தான் ஏற்றினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழையில் சூட்கேஸ் நனையும், தார்ப்பாய் கட்டத் தெரிய வேண்டும். கூண்டு போட்டு மூடிவிடலாமே என்பார்கள். பதிவில் இருக்கும் வடிவத்தை மாற்றுவதைப் பற்றி 2019ல் உச்சநீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஏற்கெனவே என்னை நிறுத்த ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள்.

ஆக, மாப்ள, ராக்ஸ் எடு. உனக்குத் தோப்பு இல்லை, எரு இல்லை, வாரத்தில் ஐந்து நாள் அவினாசி ரோட்டில்தான் ஓட்டப் போகிறாய். உன்னை எந்த வாட்ச்மேனும் கேட்டில் நிறுத்தமாட்டான், எந்தச் சாவடியிலும் முறுக்குக்குப் பில் கேட்கமாட்டான். பிக்கப் வாங்காதே. இன்று காலை அந்த எஸ்எம்எஸ் வராமல் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே.

ராக்ஸ் எடு என்று போனில் சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை ராக்ஸ் ஓட்டிப் பார்க்கப் போகிறானாம், என்னையும் கூப்பிட்டிருக்கிறான். என் வண்டியிலேயே போய்விடலாம் என்கிறான். வருகிற வழியில் அவன் வீட்டு மாடி வேலைக்கு எட்டு மூட்டை சிமெண்ட் எடுக்க வேண்டுமாம்.