அம்மா கண்ணுக்குப் போட்ட ஊசி: ரெண்டு மாச சம்பளம் போச்சு, நீங்களாவது ஏமாறாதீங்க

இதை டைப் பண்ணும்போதே கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. என்ன பாத்து போகணும்னு கடைசில சொல்றேன், முதல்ல நடந்தது.

எங்க அம்மாவுக்கு பிளெஃபரோஸ்பாசம், ரெண்டு இமையும் தானா இறுக்கி இறுக்கி மூடிக்கும், வெயில்ல வந்தா ஒரு விரலால இமையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் ரோட்டைத் தாண்டுவாங்க. இதுக்கு போடாக்ஸ் ஊசிதான் முக்கியமான வழி. ஆமா, முகச்சுருக்கத்துக்குப் போடுறாங்களே அதேதான், ஆனா 1989-ல அமெரிக்காவுல அதுக்கு முதல்ல அனுமதி கிடைச்சதே மாறுகண்ணுக்கும் இந்த இமைப் பிரச்சனைக்கும்தான், சுருக்கமெல்லாம் 2002-லதான். மூணு மாசத்துக்கு ஒருக்கா நியூராலஜிஸ்ட் போடுவார். இந்தத் தடவை அவர் லீவு, அஞ்சு வாரம் தள்ளிப்போச்சு, அம்மா படுற பாட்டைப் பாக்க முடியாம ஒரு ஸ்கின் கிளினிக்ல போய்க் கேட்டேன்.

அங்க இருந்த மேடம் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "அதே மருந்துதாம்மா, நாங்க தினமும் போடுறோம், எங்கம்மா மாதிரி பாத்துக்கறேன்"னாங்க. அம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூணு சிட்டிங் பேக்கேஜுக்கும் சேத்து அப்பவே கட்டினேன். ரெண்டு மாச சம்பளம்.

சிரிஞ்ச் ஏற்கனவே நிரப்பி ட்ரேல வந்துச்சு, மேல ஒரு ஸ்டிக்கர்கூட இல்ல. பாட்டிலைக் காட்டுங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, இவ்ளோ அன்பா பேசுறவங்களைச் சந்தேகப்படுறதான்னு முழுங்கிட்டேன். மேல் இமைக்கு நட்டநடுவுல குத்தினாங்க. எங்க டாக்டர் எப்பவும் ரெண்டு ஓரத்துலதான் போடுவார், நடுவுல போட்டா இமையைத் தூக்குற தசைக்குள்ள மருந்து இறங்கிரும்னு இப்பதான் தெரியுது.

நாலாம் நாள் வலது இமை அப்படியே தொங்கிருச்சு. இடது கண்ணு தூங்கும்போதும் முழுசா மூடல.

ஃபோன் பண்ணா "14 நாள் பொறுங்க, செட் ஆயிரும்". 15-வது நாள் பண்ணா "அவங்க உடம்புவாகு அப்படி". எத்தனை யூனிட்னு, அதாவது மருந்து எவ்ளோன்னு கேட்டா 50-ன்னாங்க, எந்த பிராண்டுன்னா சத்தமே இல்ல. போடாக்ஸ் யூனிட் வேற, இதே வகையில இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் யூனிட் வேற, பிராண்டு தெரியாம அந்த 50-ஐ வச்சு எந்த டாக்டர் என்ன பண்ணுவார்? பணத்தைக் கேட்டா பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாதாம், அடுத்த சிட்டிங்ல சரி பண்ணித் தராங்களாம். அதே கையில அம்மா கண்ணை இன்னொருக்கா கொடுக்கணுமா? நேர்ல போனா மேடம் மீட்டிங்ல இருக்காங்க, மறுநாள் என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. ரெண்டு மாச சம்பளம்ங்க, பில்லுகூட தரல.

லீவுல இருந்து வந்த எங்க டாக்டர் பாத்துட்டு, இதுக்கு மாத்து மருந்து இல்ல, வாரக்கணக்குல அதுவா வீரியம் குறையணும்னுட்டார்.

பாட்டிலை உங்க கண்ணு முன்னாடி திறந்து கலக்கச் சொல்லுங்க, லேபிளை லாட் நம்பரோட (எந்த பேட்ச்ல தயாரிச்சதுங்கற நம்பர்) போட்டோ எடுங்க, ஃபிரிட்ஜ்ல 2 டிகிரிலேருந்து 8 டிகிரிக்குள்ள வச்ச மருந்தான்னு கேளுங்க. பிராண்டும் யூனிட்டும் எழுதித் தரலைன்னா எழுந்து வந்துருங்க. மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க. ஊசிக்கப்புறம் முழுங்க முடியலைன்னாலோ மூச்சு வாங்கினாலோ அந்த கிளினிக்குக்கு ஃபோன் போட்டுட்டு உக்காராதீங்க, நேரா எமர்ஜென்சி.

இன்னும் எழுதணும்னு இருந்தேன், அம்மா கூப்பிடுறாங்க, மூடாத கண்ணு காயாம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சொட்டு மருந்து விடணும்.