கேட்டலிஸ்ட் ரீஜெனரேஷன் சேவை: கரி போகும், வனேடியம் போகாது

டீசலில் கந்தகத்தை 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) இறக்கும் கோபால்ட்-மாலிப்டினம், நிக்கல்-மாலிப்டினம் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) கரி படிந்து சோர்ந்துபோனால், வெளி ஆலைக்கு அனுப்பிச் சுட்டு வாங்கும் வழக்கம் உண்டு; அதுதான் ரீஜெனரேஷன். கரியை நீக்குவதில் இந்தச் சேவையைக் குறை சொல்ல முடியாது. ஒட்டியிருக்கும் எண்ணெயை முதலில் ஓட்டிவிட்டு, சல்ஃபைடையும் கரியையும் படிப்படியாக எரிக்கிறார்கள். சூடு 500 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் மாலிப்டினமும் பத்திரம், அதைத் தாங்கும் அலுமினாவின் துளைகளும் பத்திரம்.

உலோகப் படிவு வேறு கதை. கனமான எண்ணெயோடு வரும் நிக்கலும் வனேடியமும் துளை வாயிலேயே சல்ஃபைடாக உட்கார்ந்துகொள்கின்றன. சுடும்போது ஆக்சைடாக மாறுகின்றன, அவ்வளவுதான், வெளியே போவதில்லை. வாய் அடைத்த துளைக்குள் எவ்வளவு பரப்பு இருந்து என்ன பயன்? போதாததற்கு வனேடியம் எரிதலையே முடுக்கிவிடும். அங்கங்கே சூடு எகிறி, பரப்பளவு குறைந்து, குச்சி வடிவக் கேட்டலிஸ்ட் துண்டுகள் நொறுங்கும். கந்தக டையாக்சைடை டிரையாக்சைடாக்கி, அலுமினாவில் சல்ஃபேட் தங்கவும் அதுவே வழிசெய்கிறது. ஆர்செனிக் இன்னும் மோசம், துளி அளவே போதும்: நிக்கலோடு சேர்ந்துகொண்டு விடாது. கோக்கர் நாப்தா (கனமான எண்ணெயைச் சூட்டில் உடைக்கும் கோக்கர் யூனிட்டிலிருந்து வரும் லேசான எண்ணெய்) கலந்து ஓட்டிய யூனிட் என்றால் நுரைத்தடுப்பானிலிருந்து வந்த சிலிக்கானும் இருக்கும்.

கூடுதல் கட்டணத்தில் செய்யும் 'ரிஜுவனேஷன்', சிட்ரிக் அமிலம் போன்றவற்றால் மாலிப்டினத்தையும் கோபால்ட்டையும் மறுபடி பரப்பிவிடும். சுத்தமான சரக்குக்கு அது கொடுத்த காசுக்குத் தகும். வனேடியம் ஏறிய சரக்குக்கு வீண் செலவு.

ஆகவே பேரம் பேச வேண்டியது அடுப்பைப் பற்றியல்ல, தரம் பிரிப்பதைப் பற்றி. உலோகம் பெரும்பாலும் ரியாக்டருக்குள் நிரப்பிய கேட்டலிஸ்ட் படுகையின் மேல்பகுதியில்தான் சேரும். நைட்ரஜன் சூழலில் இறக்கும்போதே மேல், நடு, அடி என டிரம்களைத் தனித்தனியாகக் குறியிடுங்கள். கலந்துவிட்டால் சராசரி நன்றாகத் தெரியும், ரியாக்டர் நன்றாக ஓடாது. ஆய்வறிக்கையைக் கரி நீக்கிய எடைக் கணக்கில் கேளுங்கள். எரியும்போது 20 சதவீதம் எடை இழக்கும் மாதிரியில் 1.6 எனக் காட்டும் வனேடியம் உண்மையில் 2 சதவீதம். உலோகம் ஏறிய குச்சி கனமாக இருக்கும் என்பதால் அடர்த்தி வாரியாகப் பிரித்துத் தரும் வசதி உண்டா என்று விசாரியுங்கள். இல்லாத ஆலையைத் தவிர்க்கலாம்.

மேல் அடுக்கை உலோக மீட்பு ஆலைக்கே அனுப்புங்கள். திரும்பி வந்த மிச்சத்தை உங்கள் சொந்த டீசலில் சிறு ரியாக்டரில் ஓட்டி, 10 பிபிஎம் கிடைக்கப் புதியதைவிட எத்தனை டிகிரி கூடத் தேவைப்படுகிறது என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.