பயோடென்டின்: பற்கூழை உயிரோடு காப்பாற்றுகிறதா?

சொத்தையைச் சுரண்டிக்கொண்டே போகும்போது குழியின் அடியில் ஊசிமுனை அளவு ரத்தம் எட்டிப் பார்த்தால், பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான பகுதி) திறந்துவிட்டது என்று பொருள். முன்பெல்லாம் அநேகமாக அந்தக் கூழை முழுவதும் எடுத்துவிடும் ரூட் கேனால்தான். இப்போது அந்த நிலையில் நான் எடுப்பது பெரும்பாலும் பயோடென்டின், திறந்த கூழின் மேல் வைத்து மூடும் செப்டோடோன்ட் நிறுவனத்தின் சிமென்ட். வருடக்கணக்கில் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்கும் இளைய பல் மருத்துவர்களுக்கு என் பதில், தாராளமாக வாங்கலாம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இந்த வேலைக்கு நெடுங்காலம் இருந்தது கால்சியம் ஹைட்ராக்சைடு. கூழைத் தூண்டி மேலே புதிய டென்டினை (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் கடினமான அடுக்கை) வளர்க்கும், உண்மைதான். ஆனால் நாளாக ஆகக் கரைந்துவிடும். அதன் அடியில் வளரும் டென்டினிலும் நுண்ணிய ஓட்டைகள் இருக்கும், கிருமி நுழைய அது போதும். 1990களில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினெஜாட் எம்டிஏ (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட்) என்ற சிமென்டைக் கொண்டுவந்தபோது இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. அப்புறம் வேறு இரண்டு குறைகள் வந்தன. இறுகுவதற்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் சேர்த்துள்ள பிஸ்மத் ஆக்சைடு பல்லைக் கருக்க வைக்கும்.

பயோடென்டினும் அதே குடும்பம்தான். முக்கியச் சரக்கு ட்ரைகால்சியம் சிலிகேட். பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு. திரவத்தில் கால்சியம் குளோரைடு இருப்பதால் சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும். அதனால் நோயாளியை இன்னொரு நாள் வரச் சொல்லாமல் அதே அமர்வில் முடிக்க முடிகிறது.

கலப்பதில்தான் கவனம் வேண்டும். காப்ஸ்யூலை மேசையில் லேசாகத் தட்டித் தூளைத் தளர்த்த வேண்டும். திறந்து ஐந்து சொட்டு திரவம், பிறகு கலக்கும் இயந்திரத்தில் 30 விநாடி. ஐந்து என்றால் ஐந்துதான். சொட்டு விழும்போது காற்றுக்குமிழி சேர்ந்தால் அளவு குறையும், கலவை ஈரமணல் மாதிரி உதிரும். கூடினால் பளபளவென்று ஓடும், கருவியிலேயே ஒட்டிக்கொள்ளும். திறந்ததும் மேற்பரப்பில் மினுமினுப்பு குறைந்து, எடுத்தால் வடிவம் கலையாமல் நிற்க வேண்டும். வைத்தபின் அழுத்திக் குத்தாதீர்கள், மெதுவாகப் படிய விட்டால் போதும். இறுகும்வரை தண்ணீர் பீய்ச்சக் கூடாது.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது முன்பற்களில். விளையாடும்போது முன்பல் உடைந்து, கூழ் வெளியே தெரிய வரும் பிள்ளைகளுக்கு அந்த வயதில் வேர் நுனி இன்னும் மூடியிருக்காது. கூழ் செத்தால் வேர் வளர்ச்சி நின்றுவிடும், சுவர் மெல்லியதாகவே இருந்து பின்னாளில் முறியும். மேலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் கூழை மட்டும் எடுத்து, மீதியின் மேல் பயோடென்டினை வைத்தால் வேர் தன்பாட்டுக்கு வளர்கிறது. அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில் வேரின் சுவர் தடித்துக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி பெரிது. பல்லும் கருப்பதில்லை.

குறைகளும் உண்டு. எக்ஸ்ரேயில் கிட்டத்தட்ட டென்டின் நிறத்திலேயே தெரிவதால், எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கச் சிரமம். மேலே உடனே காம்போசிட் (பல் நிறத்தில் அடைக்கும் பொருள்) ஒட்டினால் பிடிப்பு முழுதாக வராது, முதிர நேரம் கொடுப்பது நல்லது. ஒரு காப்ஸ்யூலைத் திறந்தால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான்.

இதைவிடப் புதிதான பொருட்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கண்ணாடித் தட்டில் பற்கூழ் செல்கள் செழித்து வளர்ந்த படம் இல்லாத விளம்பரத்தாள் அபூர்வம். அந்தச் சோதனை தேவைதான், விஷத்தன்மை உள்ள சரக்கை அங்கேயே கழித்துவிடலாம். ஆனால் தட்டில் ரத்தம் இல்லை, எச்சில் இல்லை, மாதக்கணக்கில் ஊறிய சொத்தை இல்லை. 1965-இல் ககேஹாஷியும் சகாக்களும் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்து விட்டார்கள். உணவுத்துகள் அடைந்தும், மருந்தே இல்லாமல் அது தானே மூடிக்கொண்டது. சாதாரண எலிகளில் கூழ் அழுகியது. பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும் கிருமி உள்ளே வந்தால் தோல்விதான். அதனால் புதிய சரக்கோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது, மனிதப் பற்களில் எம்டிஏ-வோடு நேருக்கு நேர் ஒப்பிட்டீர்களா, எத்தனை வருடம் பின்தொடர்ந்தீர்கள் என்றுதான். பயோடென்டினுக்கு அப்படிப்பட்ட ஒப்பீடுகள் இருக்கின்றன, முடிவு ஏறக்குறைய எம்டிஏ-வுக்குச் சமம். ஒளி பாய்ச்சி இறுக்கும் ரெசின் (செயற்கைப் பிசின்) கலந்த வகைகள் கைக்கு வசதி. ஆனால் இறுகாமல் எஞ்சும் ரெசின் கூழை எரிச்சலூட்டும் என்பதால், திறந்த கூழின் மேல் நேரடியாக அவற்றை நான் வைப்பதில்லை.

சரி, எந்தப் பல்லுக்கு? சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்து ஐந்து பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றால் வையுங்கள். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் கூழை எடுத்துப் பாருங்கள். அப்போதும் கசிந்தால் அங்கே பயோடென்டினை வீணாக்க வேண்டாம். எச்சில் படாமல் பல்லைத் தனியே பிரித்து வைக்கும் ரப்பர் டேம் என்ற விரிப்பு கட்டாயம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வரவழைத்துப் பாருங்கள். மேற்பகுதிக் கூழை முழுவதும் எடுத்த பல் குளிர்ச்சிச் சோதனைக்குப் பெரும்பாலும் பதில் தராது. அதை வைத்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், வலி, வீக்கம், எக்ஸ்ரேயில் வேர் நுனி ஆகியவற்றைப் பாருங்கள்.