குளக்கட்டில் கசிவு பார்க்கும் சென்சர்கள்: சில மாரி கண்ட பிறகு

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே வன்னிக் குளமொன்றின் கட்டைக் கைபேசியில் பார்த்துக்கொள்வது என் வேலையில் ஒரு பகுதி. கசிவுக்கு இரண்டு வகைச் சென்சர் போட்டிருக்கிறோம்: மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் பைசோமீற்றர், கட்டின் அடிவாரத்தில் நீளத்துக்குப் புதைத்த ஒளியிழைக் கேபிள்.

முதலில் கேபிள். மீற்றருக்கு மீற்றர் வெப்பநிலை காட்டும். கசியும் நீர் குளத்து நீரின் சூட்டையோ குளிரையோ கூடவே கொண்டுவருவதால் அந்த இடம் தனியாகத் தெரியும் என்பதுதான் கணக்கு. சுவீடனில் சரி, அங்கே குளிர்காலத்தில் நீர் உறையும் நிலைக்கே போய்விடும். எங்கள் குளத்து நீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பு, மண்ணும் கிட்டத்தட்ட அதே சூடு, வித்தியாசத்தை எங்கே தேடுவது? பிறகு கேபிளோடு வரும் செப்புக் கம்பியில் மின்சாரம் விட்டு, எந்த இடம் சூடேற மறுக்கிறது என்று பார்க்கும் முறைக்கு மாறினோம். நீர் ஓடும் இடத்தில் சூடு தங்காது. இப்போது படம் தெளிவு, ஆனால் ஒவ்வொரு தரமும் ஜெனரேற்றரை இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

எனக்குப் பிடித்தது பைசோமீற்றர்தான். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி, அழுத்தம் மாறினால் அதிர்வெண் மாறும், அவ்வளவுதான். காற்றழுத்தத் திருத்தம் செய்யாத நீர்மட்டக் கோடு மட்டும் நாளுக்கு இரண்டு தரம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஏறி இறங்கும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் காலை பத்து மணிக்கு "அண்ணை, தண்ணி ஏறுது" என்று பதறிக்கொண்டு கோல் எடுத்தார். ஏறினது காற்று! அப்புறம் ஐப்பசி இடி: மின்னல் காப்பும் நல்ல எர்த்தும் இல்லாவிட்டால் அளவுகளைப் பதிந்து வைக்கும் லொகர் ஒரு மாரியைத் தாண்டாது.

இத்தனை இருந்தும் நான் கட்டுக்குப் போனால் முதலில் குனிந்து பார்ப்பது கசிவு வாய்க்காலில் நீரின் அளவு பார்க்க வைத்த, V வடிவில் வெட்டிய தகட்டைத்தான். 90 பாகை வெட்டில் நீர் 5 செ.மீ. நின்றால் வினாடிக்கு முக்கால் லீற்றர், 10 செ.மீ. ஆனால் நாலு லீற்றருக்கு மேல். தெளிந்த நீர் என்றால் மூச்சு விடலாம். கலங்கி வந்தால் கட்டின் மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம், அதை நாங்கள் போட்ட எந்தச் சென்சரும் சொல்லாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை திருகோணமலைப் பக்கத்துக் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காசு மட்டு என்றால் பைசோமீற்றரைத் துருசு (நீர் திறந்துவிடும் மதகு) கட்டினூடே போகும் இடத்தின் இரு பக்கமும் போடுங்கள். கொங்கிறீற்றும் மண்ணும் சேரும் இடத்தில்தான் நீர் வழி தேடும். கேபிளை மிச்சக் காசில் பார்க்கலாம்.