ஆமணக்கும் ஐசோசயனேட்டுமா, கார்பனேட் எண்ணெயா?

மரத்துக்கும் தகட்டுக்கும் பூசத் தாவர எண்ணெயிலிருந்து பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் செய்ய நினைப்பவர்கள் முதலில் இரண்டு வழிகளைத்தான் எடைபோட்டுப் பார்ப்பார்கள். ஒன்று, ஆமணக்கு எண்ணெயோடு அதை இறுக வைக்கும் வேதிப்பொருளான ஐசோசயனேட்டைக் கலப்பது. மற்றொன்று, எபாக்சி (ஆக்சிஜன் உள்ள மூன்றணு வளையம்) ஏற்றிய சோயா எண்ணெய்க்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, கிடைக்கும் கார்பனேட் எண்ணெயை டை அமீனால் இறுக வைப்பது. ஆய்வகத்தில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் இரண்டாவது பக்கம் வந்துவிட்டேன். அதனால் இந்த அலசலில் அந்தப் பக்கம் சாய்வு இருக்கும்.

ஆமணக்கின் பெருமைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதன் கொழுப்பு அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை ரிசினோலிக் அமிலம். ஐசோசயனேட்டோடு சேரும் ஹைட்ராக்சில் தொகுதி அதில் இயற்கையாகவே இருப்பதால் எந்த முன்வேலையும் தேவையில்லை. உலகிலேயே அதிகம் விளைவிப்பது இந்தியா, அதிலும் குஜராத். ஐசோசயனேட்டைச் சேர்த்தால் அறை வெப்பத்திலேயே இறுகிவிடும். விலை, வேகம், கிடைக்கும் வசதி மூன்றிலும் இதுதான் முன்னால் நிற்கிறது.

கார்பனேட் எண்ணெய்க்கு இரண்டு கட்ட வேலை. முதல் கட்டமான எபாக்சி ஏற்றுவதை நாம் செய்ய வேண்டியதில்லை. எபாக்சி சோயா எண்ணெய் பிவிசியை மென்மையாக்கும் பொருளாக டிரம் டிரம்மாக விற்பனையில் இருக்கிறது. அதிலுள்ள மூன்றணு வளையங்களில் கார்பன் டை ஆக்சைடு நுழைந்து ஐந்தணுக் கார்பனேட் வளையமாக்குவதுதான் இரண்டாம் கட்டம். கார்பன் டை ஆக்சைடு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. டெட்ராபியூட்டைல் அமோனியம் புரோமைடு மாதிரி ஒரு வினையூக்கி வேண்டும். அதன் புரோமைடு வளையத்தை உடைக்கிறது. உடைந்த முனையிலுள்ள ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. பிறகு வளையம் மூடும்போது புரோமைடு வெளியேறி அடுத்த வளையத்துக்குப் போகிறது.

இதில் நேரம்தான் பெரிய செலவு. எண்ணெயின் எபாக்சி வளையங்கள் சங்கிலியின் நுனியில் இல்லாமல் நடுவில் இருப்பதால் வினை மெதுவாகவே நடக்கும். 2004இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், 110 டிகிரியில் செய்தபோது 94 சதவீத மாற்றத்துக்கு 70 மணி நேரம் ஆனது. 2012இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆளிவிதை எண்ணெயையும் சோயா எண்ணெயையும் 140 டிகிரி, 10 பார் அழுத்தத்தில் வைத்து நேரத்தை நன்றாகவே குறைத்தார்கள். அழுத்தம் தாங்கும் ரியாக்டர் இருந்தால் 10 பார் வழியையே பரிந்துரைப்பேன். கண்ணாடிக் குடுவையில் குமிழி விட்டும் செய்யலாம், ஆனால் இரவு பகலாகச் சூடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை நேரம் சூட்டில் இருந்தால் எண்ணெயின் நிறமும் பழுப்பாகும். அப்புறம், சிலிண்டரிலிருந்து வாயு வேகமாக வெளியேறினால் ரெகுலேட்டர் உறைந்துபோகும். அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

வினை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. எபாக்சி சோயா எண்ணெயில் ஆக்சிரேன் ஆக்சிஜன் (எபாக்சி வளையங்களிலுள்ள ஆக்சிஜன்) 7 சதவீதம் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் 100 கிராம் எண்ணெய் அதிகபட்சம் 19 கிராம் கார்பன் டை ஆக்சைடை ஏற்கும். குடுவையை எடைபோட்டாலே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரியும். அகச்சிவப்பு நிறமாலை எடுக்க முடிந்தால் 1800 செ.மீ⁻¹ பக்கம் புதிய கார்பனேட் உச்சி எழுவதையும், 820-840 பக்கத்து எபாக்சி உச்சி மங்குவதையும் பார்க்கலாம். எடை ஏற ஏற எண்ணெய் தேன் மாதிரி தடிக்கும். வினையூக்கியை எத்தில் அசிடேட்டும் தண்ணீரும் கொண்டு கழுவி எடுப்பது இந்த வழியில் எனக்குப் பிடிக்காத வேலை. கலங்கிய இடைப்படலம் பிரியவே மாட்டேன் என்று நிற்கும்.

சரி, இத்தனை தொல்லை இருந்தும் ஏன் இது? சிரமம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது.

ஐசோசயனேட் வழியில் எண்ணெய் தயாரிப்பவருக்கு வேலை சுலபம். ஆபத்து பூசுகிறவரின் மூச்சில் போய் உட்காருகிறது. ஐசோசயனேட் தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். ஒருவரின் உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறடிக்கும். அவர் அந்தத் தொழிலையே விட வேண்டி வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் டை ஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழிலில் கையாளப் பயிற்சி கட்டாயம். நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்ப்ரே அடிக்கும் பையன் முகத்தில் பெரும்பாலும் ஒரு கைக்குட்டைதான் இருக்கிறது. ஆவியைத் தடுக்கும் முகமூடி, காற்றை இழுக்கும் அறை எல்லாம் இருந்தால் ஐசோசயனேட்டைப் பத்திரமாகக் கையாள முடியும். மறுக்கவில்லை. அவை தினமும், எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பி ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் பின்னால் போனால், பெரும்பாலான ஐசோசயனேட்டுகள் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவிலிருந்து வருபவை. 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் ஃபாஸ்ஜீனிலிருந்து செய்யப்பட்டதுதான். பூச்சுகளில் சேரும் டை ஐசோசயனேட்டுகள் அந்தப் பொருள் அல்ல, அவ்வளவு எளிதில் ஆவியாவதும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. ஆனால் ஃபாஸ்ஜீன் இல்லாத ஒரு பாதை இருக்கும்போது அதை முயன்று பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

கார்பனேட் வழியில் அழுத்தம், சூடு, கழுவல் எல்லாச் சிரமமும் ரியாக்டர் இருக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஆட்கள் இருப்பார்கள். பூசுகிறவருக்குப் போவது ஆவியாகாத எண்ணெயும் ஒரு அமீனும். அமீன் சாது என்று சொல்ல மாட்டேன். தோலை அரிக்கும், வாடை வரும், கையுறை கட்டாயம். எபாக்சி ஹார்ட்னரோடு பழகியவர்களுக்கு இது பழைய சங்கதி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஐசோசயனேட் ஈரத்தைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டுப் பூச்சில் குமிழி போடும். கார்பனேட் எண்ணெய்க்கு அந்தப் பயம் இல்லை. திறந்த டின்னை மூடி வைத்து மறுநாளும் எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்: புவி வெப்பமாதலைத் தடுக்கிறோம் என்ற வாதம். 100 கிராமுக்கு 19 கிராம் என்பது வேதியியலில் அழகான எண். ஆனால் பல மணி நேரம் 140 டிகிரியில் வைத்திருக்கும் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இங்கே மலிவான, எரியாத மூலப்பொருள். எனக்கு அது போதும்.

குறைகளில் பெரியது க்யூரிங், அதாவது பூச்சை இறுக வைப்பது. அமீனும் கார்பனேட்டும் அறை வெப்பத்தில் மிக மெதுவாகவே சேரும். 70 முதல் 100 டிகிரி வரை சில மணி நேரம் அடுப்பு தேவை. கதவு, நாற்காலிக் கால், தகடு என்றால் சரி. கட்டி முடித்த வீட்டின் தரையை அடுப்பில் வைக்க முடியாது, அங்கே ஆமணக்கு வழிதான். சூடும் அமீனும் அதிகமானால் எண்ணெய் மூலக்கூறைச் சேர்த்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்பையே அமீன் வெட்டத் தொடங்கும். வெட்டுப்பட்ட துண்டுகள் படலத்தை மென்மையாக்கிவிடும். மெத்தை, ஃபோம் செய்ய நினைப்பவர்களும் ஐசோசயனேட் பக்கமே இருக்கலாம். தானாகப் பொங்கும் குணம் கார்பனேட் எண்ணெய்க்குக் கிடையாது. படலத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய மிஞ்சுவதால் உலோகத்தில் நன்றாகப் பிடிக்கும், அதே காரணத்தால் ஈரமும் கொஞ்சம் இழுக்கும். நான் பூசிப் பார்த்தவை எல்லாம் வீட்டுக்குள் வைக்கும் பலகைகள்தான். வருடக்கணக்கில் வெயிலும் மழையும் படும் வாசற்கதவுக்கு இதை என் அனுபவத்தில் பரிந்துரைக்க முடியாது.

சோயாப் படலம் உங்கள் வேலைக்கு மென்மையாகத் தெரிந்தால் ஆளிவிதை எண்ணெய்க்கு மாறுங்கள். அதில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், அதனால் கார்பனேட் வளையங்களும் அதிகம், படலம் கெட்டியாக வரும். விலை கூடும், ரியாக்டரில் எண்ணெய் இன்னும் தடிக்கும். கலக்கி மோட்டார் அதற்குத் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.