மத்தியான வெயில்ல ப்ரொஜெக்டரா டிவியா? நம்ம பக்கத்து மண்டபங்களுக்கு எது தேறும்

ப்ரொஜெக்டர் வாங்கலாமா பெரிய டிவியா போட்டுடலாமான்னு கேக்கிறவங்க எல்லாம் மாடல் நம்பரோட வராங்க, எந்த ஹால், எத்தனை மணிக்கு கூட்டம், கடைசி வரிசை எங்க இருக்குன்னு மட்டும் சொல்றதில்ல. தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் பெரும்பாலும் காலைல பத்தரைக்கு ஆரம்பிச்சு மத்தியான சாப்பாட்டோட முடியிற கூட்டம்தான். மகளிர் குழு பயிற்சி, பட்டு விவசாயிங்க வகுப்பு, மாந்தோப்புக்காரங்களுக்கு தத்துப்பூச்சி மருந்து பத்தி சொல்றது, இப்படி. ஓசூர் கம்பெனிங்கள்ல ஏசி ஹால், கனமான திரைச்சீலைன்னு இருக்கும், அங்க எதை வெச்சாலும் ஓடிரும், அத விட்டுருவோம். மிச்ச இடமெல்லாம் ரெண்டு பக்கமும் ஜன்னல், மேல சிமெண்ட் ஷீட்டு, ஜன்னலை சாத்தினா புழுக்கத்துல ஜனம் எந்திரிச்சு வெளிய போயிரும்.

அந்த மாதிரி ஹால்ல ப்ரொஜெக்டர் கதை என்னன்னா, அதால வெளிச்சத்தை மட்டும்தான் அனுப்ப முடியும், கருப்பை அனுப்ப முடியாது. ஸ்கிரீன் மேல ஏற்கெனவே எவ்வளவு வெளிச்சம் விழுதோ அதுதான் அந்தப் படத்தோட கருப்பு. கணக்கா பாருங்க, 3000 ஆன்சி லூமன்ஸ் (ப்ரொஜெக்டர் விடுற மொத்த வெளிச்சத்தை முறைப்படி அளந்த கணக்கு) ப்ரொஜெக்டரை 100 இன்ச் ஸ்கிரீன்ல அடிச்சா சுமார் 1000 லக்ஸ் (ஒரு சதுர மீட்டர் பரப்புல விழுற வெளிச்ச அளவு) கிடைக்கும். ஜன்னல் தொறந்த ஹால்ல ஸ்கிரீன் மேல ஒரு 300 லக்ஸ் சாதாரணமா விழும்னு வெச்சுக்கோங்க. அப்ப வெள்ளை 1300, கருப்பு 300, வித்தியாசம் நாலு மடங்கு சொச்சம், அவ்ளோதான். பின்னாடி இருக்கவங்களுக்கு தெரியலன்னு படத்தை 150 இன்ச்சா இழுத்தீங்கன்னா அதே லூமன்ஸ் பரப்பு முழுக்க பரவி 480 லக்ஸ்கிட்ட வந்து நிக்கும், வித்தியாசம் மூணு மடங்கு கூட இல்ல. படம் பெருசாகும், ஆனா இன்னும் வெளுத்துப்போகும். இதுல கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற ஈக்கோ மோடு வேற போட்டு வெச்சிருந்தா மூணுல ஒரு பங்கு வெளிச்சம் அங்கயே போச்சு.

எழுத்து மட்டும்னா இதுலயும் ஓட்டிரலாம், வெள்ளைல கருப்பு எழுத்து, பெரிய சைஸ், படிச்சுருவாங்க. போட்டோன்னு வரும்போதுதான் மாட்டிக்குவோம். பட்டுப்புழுவுல ஊசி ஈ முட்டை வெச்சிருக்கிற படத்தை காட்டணும்னு வைங்க. புழுவும் வெள்ளை, முட்டையும் வெளுத்த கிரீம் கலர்ல குண்டூசி முனை அளவு. பகல்ல ப்ரொஜெக்டர்ல அந்த முட்டை தெரியவே தெரியாது, கடைசில அந்த இடத்துல விழுற கருப்புத் தழும்பு கூட சாம்பல் கலர்லதான் இருக்கும், "எங்க சார், எங்க சார்"னு கேட்டுட்டே இருப்பாங்க. அதே படம் ஒரு சாதாரண 55 இன்ச் டிவில முதல் பார்வைலயே தெரியும், ஏன்னா டிவியோட கருப்பு ஹால் வெளிச்சத்தை அவ்வளவா வாங்காது. ஒண்ணு, டிவியை ஜன்னலுக்கு எதிர்ல வெச்சுராதீங்க, கண்ணாடி மாதிரி ஜன்னலைத்தான் காட்டும். ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி நிறுத்தி ஜனத்தை பார்த்த மாதிரி வைக்கணும்.

டிவியோட குறை அளவுதான். எழுத்து படிக்கணும்னா கடைசி ஆளு படத்து உயரத்தை போல ஆறு மடங்குக்குள்ள உக்காரணும்னு ஒரு பழைய கணக்கு உண்டு. 55 இன்ச் டிவி உயரம் 68 சென்டிமீட்டர், ஆக 13 அடி. 65 இன்ச்னா 16 அடி. 100 இன்ச் ஸ்கிரீன்னா 24 அடி தாண்டும். அதனால 20 பேர் ரூமுக்கு ஒரு 65 இன்ச் தாராளம், 60 பேர் மண்டபத்துக்கு ஒத்த டிவி பத்தாது. என் ஓட்டு என்னன்னா, பகல் கூட்டத்துக்கு ஒரு ப்ரொஜெக்டருக்கு பதிலா ரெண்டு 55 இன்ச் டிவி, ஒண்ணு மேடைகிட்ட, இன்னொண்ணு ஹால் நடுவுல பக்கவாட்டுல ஸ்டாண்டுல நிறுத்தி, ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர்ல (லேப்டாப்ல இருந்து வர்ற படத்தை ரெண்டா பிரிச்சுக் கொடுக்கிற டப்பா) ரெண்டுக்கும் கொடுத்துருங்க. கரண்ட் செலவும் ஏறாது, ஒரு டிவி 100லருந்து 150 வாட்ஸ், லேம்ப் ப்ரொஜெக்டர் தனியாவே 300 வாட்ஸ் பக்கம் இழுக்கும்.

பொழுது சாஞ்சுட்டா கதையே மாறிரும். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் ஊர்ல ஏழு மணிக்கு மேல கூட்டம் போட்டா ப்ரொஜெக்டரை எதுவும் அடிச்சுக்க முடியாது, பைல போட்டு பஸ்ல கொண்டு போயிரலாம், சுண்ணாம்பு அடிச்ச சுவரே ஸ்கிரீன். சுவர் இல்லனா ஃப்ளெக்ஸ் கடைல பிரிண்ட் போடாத வெள்ளை ஃப்ளெக்ஸ் வாங்கி ரெண்டு கம்புல கட்டுங்க, ஆனா பளபளப்பா இருக்கிறது வேணாம், நடுவுல ஒரு வெள்ளைத் திட்டு அடிக்கும். பூச்சி வந்து ஸ்கிரீன்ல உக்காரும், அதுக்கு வழி இல்ல.

ப்ரொஜெக்டர்தான்னு முடிவு பண்ணா உள்ள படத்தை உருவாக்குற ரெண்டு முறைல டிஎல்பியா 3எல்சிடியான்னு அடுத்த சண்டை. டிஎல்பில ஒரு சிப்பு மேல லட்சக்கணக்குல குட்டிக் கண்ணாடிங்க ஆடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல லாரி ஹார்ன்பெக் 1987ல கண்டுபிடிச்சது, அதுக்காக 2015ல அவருக்கு ஆஸ்கர் விழாக்காரங்க தொழில்நுட்ப விருதே கொடுத்தாங்க. விலை கம்மியான டிஎல்பில கலர் சக்கரம் சுத்தி ஒவ்வொரு கலரா மாத்தி மாத்தி அடிக்கும், சக்கரத்துல வெள்ளைத் துண்டும் இருந்தா பெட்டில போட்டிருக்கிற லூமன்ஸ் வெள்ளைக்குத்தான் பொருந்தும், கலர் அதைவிட மங்கல். 3எல்சிடில கலருக்கு ஒண்ணா மூணு எல்சிடி பேனல், மூணு கலரும் ஒண்ணா வரும், அதனால போட்டோ நிறைய காட்டுறவங்களுக்கு அதுதான் நல்லது. இன்னொரு விஷயம், கூட்டத்துல எல்லாரும் ஸ்லைடை செல்லுல போட்டோ எடுப்பாங்க, ரிப்போர்ட்டுக்கு நீங்களும் எடுக்கணும், டிஎல்பி படத்துல அந்த போட்டோ சில நேரம் கலர் பட்டை பட்டையா விழும். 3எல்சிடிக்கு தூசி ஆகாது, நம்ம ஊர் செம்மண் ரோட்டுக்கும் கிரானைட் தூளுக்கும் ஃபில்டரை அடிக்கடி கழட்டி தட்டணும். உள்ள வெளிச்சம் கொடுக்கிறது லேம்ப்பா லேசரான்னு கேட்டா, முடிஞ்சா லேசர், 20,000 மணி நேரம்னு சொல்றாங்க, லேம்ப் 5,000 பக்கம்தான். அதைவிட முக்கியமா கரண்ட் போய் வந்தா லேம்ப் ஆறுற வரைக்கும் திரும்ப எரியாது, ஜனம் உக்காந்து உங்க மூஞ்சியையே பாக்கும். லேசர் உடனே எரிஞ்சுரும். ஆன்லைன்ல கம்மி விலைக்கு "10,000 லூமன்ஸ், 4கே சப்போர்ட்"னு வர்ற குட்டி டப்பாவை பக்கத்துலயே சேர்க்காதீங்க, அந்த லூமன்ஸ் ஆன்சி இல்ல, சப்போர்ட்னா ஃபைலை திறக்கும்னுதான் அர்த்தம்.

தொடுதிரை பேனல் ஸ்கூலுக்கு சரி, சுவத்துல மாட்டி விட்டுரலாம். 75 இன்ச்சே 50 கிலோ பக்கம் வரும், ஊர் ஊரா தூக்குறவங்களுக்கு ஆகாது.

எல்இடி வால் (எல்இடி பேனல்களை அடுக்கிக் கட்டுற பெரிய திரை) கேட்டு நிறைய பேர் அடம் பிடிக்கிறாங்க, கல்யாணத்துல பார்த்துட்டு. வெயில்ல திறந்த மைதானத்துல மாங்கனிக் கண்காட்சி மாதிரி கூட்டத்துக்கு அது ஒண்ணுதான் நிக்கும், மறுக்கல. ஆனா வாடகைக்கு வர்ற பி3.91 பேனல்ல (புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர் இடைவெளி) 10 அடிக்கு 8 அடி கட்டினா மொத்தம் 768க்கு 640 புள்ளிதான், உங்க பழைய செல்போன்ல கூட இதைவிட அதிகம். வீடியோவும் பெரிய எழுத்தும் அருமையா இருக்கும், எக்செல் டேபிள் போட்டா எறும்பு ஊர்ற மாதிரிதான். கிட்ட 13 அடிக்குள்ள யாரையும் உக்கார வைக்காதீங்க, புள்ளி புள்ளியா தெரியும்.

எதை எடுத்தாலும், பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச பிபிடியை அடுத்தவங்க லேப்டாப்ல திறந்தா தமிழுக்கு பதிலா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா வரும். எந்த லேப்டாப்லயும் தமிழாவே தெரியிற யூனிகோட்ல அடிங்க, இல்லனா பிடிஎஃப்பா மாத்தி எடுத்துட்டு போங்க, கூடவே ஒவ்வொரு ஸ்லைடையும் ஜேபெக் படமாவும் பென்டிரைவ்ல போட்டு வைங்க. டிவில பென்டிரைவ் சொருகினா பிபிடி திறக்கும்னு நம்ப முடியாது, போட்டோ கண்டிப்பா திறக்கும். சாதா எச்டிஎம்ஐ வயர் 10 மீட்டர் வரைக்கும் தொல்லை இல்ல, அதுக்கு மேல படம் விட்டு விட்டு வரும். நீளமா வேணும்னா ஃபைபர் வயர் எடுங்க, அதுல ஒரு முனை லேப்டாப்புக்கு, ஒரு முனை டிவிக்குன்னு எழுதியிருக்கும், மாத்தி சொருகினா படமே வராது.